கடல் கடந்து போய்த் திரும்பி வந்த பிடில்

அயர்லாந்து என்றதும் நம்மில் சிலருக்கு பெர்னார்ட் ஷா நினைவுக்கு வருவார். மூத்தவர்களுக்கு டி வலேராவும் சுதந்திரப் போராட்டமும் நினைவுக்கு வரும். அந்தத் தீவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. வடக்கு, தெற்கு இரண்டையும் சேர்த்தால் 70 லட்சம் பேர் வாழும் இடம் அது. அங்கே கிராமத்து வீட்டு அடுப்படியில் ஆடுவதற்காக வாசித்த இசையை இன்று டோக்கியோவிலும் மெல்போர்னிலும் வாசிக்கிறார்கள். இது எப்படி நடந்தது என்று தேடிப் பார்த்தால், ஊரோடு இருந்தவர்களுக்குச் சற்றும் குறையாமல் ஊரை விட்டுப் போனவர்கள் பாடுபட்டிருப்பது தெரிகிறது. வெளிமாநிலத்தில் முப்பது, நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் நம் சங்கத்து அன்பர்களுக்கு இந்தக் கதை சுவைக்கும் என்று எண்ணுகிறேன். நான் முறையாக சங்கீதம் பயின்றவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் பாலமும் பாதையும் பார்த்தவன். கேட்டு ரசித்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் இந்த இசையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் நடனத்துக்கான மெட்டுகள். 'ரீல்' என்பது நம் சதுச்ர நடையில் விறுவிறுவென்று ஓடும். 'ஜிக்' என்பது திச்ர நடை. "தகிட தகிட" என்று சொல்லிக்கொண்டே கேட்டால் பிடிபட்டுவிடும். ஒரு மெட்டில் இரண்டு பாகங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்து, முழு மெட்டையும் மறுபடி வாசித்து, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவிவிடுவார்கள். நம் கச்சேரியைப் போல ஆலாபனையோ கல்பனா ஸ்வரமோ கிடையாது. கைத்திறமையெல்லாம் ஒரு ஸ்வரத்தை இன்னொன்றால் லேசாகத் தட்டிவிடுவதிலும், சுழற்றி எடுப்பதிலும், வில்லை இழுக்கும் விதத்திலும்தான் இருக்கிறது. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே" என்று முதல் தடவை கேட்பவர்கள் சொல்வது வழக்கம். பத்து நாள் கேட்ட பிறகு அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மெட்டுகளின் ஸ்வர வரிசை நம் காதுக்கு அந்நியமே அல்ல. சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரஹரப்ரியா, நடபைரவி ஆகிய நான்கு மேளங்களின் ஸ்வரங்களுக்குள் பெரும்பாலான மெட்டுகள் அடங்கிவிடும். நம் கமகம் அங்கே இல்லை என்பது வேறு விஷயம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் சென்னையில் ஐரோப்பிய பாண்டு வாத்தியங்களைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் அமைத்தது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அந்த நோட்டு ஸ்வரங்களில் அயர்லாந்து மெட்டுகளும் கலந்திருக்கின்றன. இன்னொன்று: நாம் பிடில் என்கிறோமே, அயர்லாந்துக்காரர்களும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். கச்சேரி மேடையில் இருந்தால் வயலின், ஊர்க்காரர் கையில் இருந்தால் பிடில். வாத்தியம் ஒன்றுதான்.

பிடிலோடு மரப் புல்லாங்குழல், தகரக் குழல், கான்செர்டினா, அக்கார்டியன் எல்லாம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இல்லியன் பைப் என்ற வாத்தியம். அவர்கள் மொழியில் 'இல்லியன்' என்றால் முழங்கை. ஸ்காட்லாந்துப் பைப்பைப் போல வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கைக்கு அடியில் ஒரு சிறு துருத்தி, இடது கையடியில் காற்றுப் பை. வாய்க் காற்றின் ஈரம் படாததால் நாணல் சீவாளி எப்போதும் உலர்ந்தே இருக்கும். ஒலி மென்மையாக வரும். நம் நாகஸ்வரத்துக்கு ஒத்து பிடிப்பது போல மூன்று குழல்கள் விடாமல் சுருதி கொடுக்கும். இவை தவிர, சாவி வைத்த குழல்களை மணிக்கட்டால் அழுத்திக் கூட்டு ஸ்வரங்கள் எழுப்புவார்கள். அவற்றுக்குப் பெயர் 'ரெகுலேட்டர்'. நீராவி எஞ்சினில் டிரைவர் பிடித்து இழுக்கும் கைப்பிடிக்கும் அதே பெயர்தான். எங்கள் இலாகா அன்பர்கள் புன்னகைக்கலாம். இந்த வாத்திய மரபை 2017இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இனி மனிதர்களின் கதைக்கு வருவோம். 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். 1841இல் 80 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள் தொகை 1901இல் சுமார் 45 லட்சமாகச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்து 1869இல் முடிந்த ரயில் பாதையில், கிழக்கிலிருந்து போட்டுக்கொண்டு வந்த பகுதியில் மண் வெட்டியவர்கள் பலர் அயர்லாந்துக்காரர்களே. கையில் காசு இல்லாமல் போனவர்கள் மெட்டுகளை மட்டும் நினைவில் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் பிரான்சிஸ் ஓ'நீல். 1848இல் கார்க் மாவட்டத்தில் பிறந்தவர். 16 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிக் கப்பல் வேலைக்குப் போனார். பசிபிக் கடலில் கப்பல் உடைந்து ஒரு தீவில் ஒதுங்கி, வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டு போனபோது எல்லோருக்கும் அரைவயிற்றுச் சாப்பாடுதான். அந்தக் கப்பலில் ஒரு ஹவாய் மாலுமியிடம் புல்லாங்குழல் இருந்தது. இவர் அதை வாங்கி ஊர் மெட்டு வாசித்துக் காட்ட, அந்த மனிதர் தன் பங்கு உணவைப் பகிர்ந்துகொண்டாராம். இதை ஓ'நீலே எழுதி வைத்திருக்கிறார். 1873இல் சிகாகோ போலீஸில் சேர்ந்தார். சேர்ந்த புதிதில் திருடன் ஒருவன் சுட்ட குண்டைக் கடைசிவரை உடம்பிலேயே சுமந்தார். 1901 முதல் 1905 வரை அந்த நகரப் போலீஸுக்கே தலைவராக இருந்தார்.

பணி நேரம் போக மீதி நேரமெல்லாம் மெட்டு வேட்டைதான். நன்றாக வாசிக்கத் தெரிந்த அயர்லாந்துக்காரர் சிகாகோவுக்கு வந்து இறங்கினால் போலீஸில் வேலை கிடைத்துவிடும் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஓ'நீலுக்கு ஸ்வரம் எழுதும் பயிற்சி இல்லை. மெட்டுகளைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து வாசிப்பார். ஜேம்ஸ் ஓ'நீல் என்ற மற்றொரு போலீஸ்காரர் எழுதிக்கொள்வார். இருவரும் உறவினர் அல்லர், பெயர்தான் ஒன்று. 1903இல் 1850 மெட்டுகளோடு ஒரு பெரும் தொகுப்பு வந்தது. 1907இல் 1001 நடன மெட்டுகளோடு இன்னொன்று. பிற்காலத்து வாத்தியக்காரர்கள் இந்த இரண்டாவதை வெறுமனே 'புத்தகம்' என்றே குறிப்பிட்டார்கள். அயர்லாந்தில் ஒரு கிராமத்துப் பையன் தன் பாட்டன் வாசித்த மெட்டைச் சரிபார்க்க சிகாகோவில் அச்சான புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது!

புத்தகத்தில் எழுத்துதான் இருக்கும், ஒலி இருக்காது. அதைத் தந்தவை இசைத்தட்டுகள். இதற்கும் ஒரு குடியேறியவரின் பிடிவாதம்தான் காரணம். நியூயார்க்கில் கடை வைத்திருந்தவர் எல்லன் ஓ'பிர்ன் டிவிட் என்ற பெண்மணி. ஊர் இசையை அசல் ஊர்க்காரர்கள் வாசித்த தட்டு வேண்டும் என்று கடைக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். கம்பெனியிடம் சரக்கு இல்லை. 1916இல் அவர் கொலம்பியா கம்பெனியிடம் பேசி, 500 தட்டுகளைத் தானே வாங்கிக்கொள்வதாக ஏற்று, ஒரு அக்கார்டியன்காரரையும் பாஞ்சோக்காரரையும் வாசிக்க வைத்தார். 500ம் விற்றுப்போயின. அதன் பிறகு கம்பெனிகளுக்கு யோசனை தேவைப்படவில்லை.

இந்த அலையில் வந்தவர்தான் மைக்கேல் கோல்மன். 1891இல் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து, 1914இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர். 1921க்கும் 1936க்கும் இடையில் ஏறத்தாழ 80 பக்கங்கள் பதிவு செய்தார். அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் அவர் வில் ஓடுகிற ஓட்டத்தை எப்படிச் சொல்வது! ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒன்றை மாற்றிப் போடுவார். அவசரப்படுவது போலவே தெரியாது. பக்கத்தில் பியானோ வாசிக்கும் ஆசாமி, மெட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாமல் தப்புத் தப்பாகத் தட்டிக்கொண்டிருப்பார். கம்பெனி அமர்த்திய ஆள்! அவரை மன்னித்துவிட்டுக் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் இருந்த பிள்ளைகள் இந்தத் தட்டுகளைப் பெட்டியில் கட்டி ஊருக்கு அனுப்பினார்கள். கிராமபோன் வைத்திருந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடினார்கள். இதில் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. தன் ஊர் இசையைக் கேவலமாக நினைத்தவர்களுக்கு, அமெரிக்காவில் தட்டாக வந்திருக்கிறது என்றதும் மதிப்பு வந்தது. ஆனால் மாவட்டத்துக்கு மாவட்டம் வில் பிடிப்பதிலிருந்து வேறுபட்டிருந்த பாணிகள் ஒதுங்க ஆரம்பித்தன. இளைஞர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரை விட்டுவிட்டு கோல்மன் மாதிரி வாசிக்க முயன்றார்கள். 1934இல் அவர் ஒரு பக்கத்தில் வாசித்த மூன்று ரீல்களை இன்றைக்கும் அதே வரிசையில்தான் வாசிக்கிறார்கள். மூன்று நிமிடத் தட்டில் இடம் கொள்வதற்காகச் சேர்த்தது மரபாகிவிட்டது. கோல்மன் 1945இல் நியூயார்க்கிலேயே காலமானார்.

எல்லா இடமும் இப்படி வளைந்து கொடுக்கவில்லை. கார்க், கெர்ரி எல்லையில் உள்ள ஸ்லீவ் லூக்ரா பகுதியில் பாட்ரிக் ஓ'கீஃப் என்ற பிடில் வாத்தியார் இருந்தார். பள்ளி ஆசிரியர் வேலை போன பிறகு வீடு வீடாக நடந்து போய்ப் பாடம் சொன்னவர். பிடிலின் நான்கு தந்திகளுக்குக் கோட்டு இடைவெளிகளும், எந்த விரல் என்பதற்கு எண்களுமாகத் தானே ஒரு குறிப்பு முறை வைத்திருந்தார். ஸ்வரம் படிக்கத் தெரியாத விவசாயி வீட்டுப் பிள்ளைகூட அதைப் பார்த்து வாசித்துவிடலாம். அவருடைய சீடர்களான டெனிஸ் மர்பியும், தங்கை ஜூலியா கிளிஃபர்டும் வாசித்த 'தி ஸ்டார் அபவ் தி கார்ட்டர்' என்ற இசைத்தட்டு 1969இல் வந்தது. இரண்டே பிடில்கள், வேறு துணை இல்லை. என் கணக்கில் அது முதல் ஐந்துக்குள் வரும்.

இதற்கிடையே அயர்லாந்திலேயே இந்த இசைக்குச் சோதனைக் காலம் வந்தது. 1935இல் நடனக் கூடச் சட்டம் கொண்டுவந்தார்கள். உரிமம் இல்லாமல் ஆட்டம் கூடாது என்பதை வீட்டு ஆட்டத்துக்கும் சேர்த்துப் பிரயோகித்தார்கள், பாதிரிமார்களும் ஆதரித்தார்கள். ஆட்டம் வீட்டை விட்டுப் போனதும் பிடிலுக்கு வேலை குறைந்தது. அடுத்த தலைமுறை லண்டனுக்குக் கட்டட வேலைக்குப் போனது. அங்கே ஒண்டுக் குடித்தனம். வாசித்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஆகவே மாலையில் மதுக்கடையில் கூடி வாசித்தார்கள். இன்று அயர்லாந்துக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் தொன்மையான வழக்கம் என்று நினைத்துப் படம் எடுக்கும் மதுக்கடை வாசிப்பு, பெரும்பாலும் இப்படி வெளியூரில் வேர்விட்டதுதான். 'பேடி இன் தி ஸ்மோக்' என்று 1968இல் வந்த தட்டு ஒரு லண்டன் மதுக்கடையிலேயே பதிவானது. கண்ணாடிக் குவளைச் சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

உள்ளூரில் விழிப்பு வந்தது 1950களில். 1951இல் முல்லிங்கரில் வாத்தியக்காரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்து ஆண்டுதோறும் திருவிழா நடத்தத் தொடங்கினார்கள். வானொலி நிலையம் ஒலிப்பதிவு வண்டியைக் கிராமங்களுக்கு அனுப்பியது. ஷான் ஓ ரியாதா என்ற இசையமைப்பாளர், தனித்தனியாக வாசித்துக்கொண்டிருந்தவர்களை ஒரு குழுவாக உட்கார வைத்தார். நம் கஞ்சிராவின் பெரிய அண்ணன் போல இருக்கும் ஆட்டுத்தோல் வாத்தியமான பௌரானை மேடையேற்றியவரும் அவரே. அந்தக் குழுவில் இருந்த பைப் வித்வான் பேடி மலோனி 1962இல் தொடங்கியதுதான் 'தி சீஃப்டன்ஸ்'. 2021இல் அவர் காலமாகும் வரை உலகமெல்லாம் சுற்றினார்கள். எனக்கு இந்த இசை அறிமுகமானதும், ஒரு சக ஊழியர் கொடுத்த அவர்களுடைய கேசட் ஒன்றின் மூலம்தான். புதிதாகக் கேட்பவர்கள் அங்கே ஆரம்பிப்பது நல்லது. அதன் பிறகு 1973இல் வந்த 'பிளாங்க்ஸ்டி' குழுவின் முதல் தட்டு; லியம் ஓ'ஃபிளின் வாசிக்கும் பைப்புக்காகவே அதைக் கேட்கலாம். 1994இல் டப்ளினில் ஏழு நிமிடம் ஆடி உலகப் புகழ் பெற்ற 'ரிவர்டான்ஸ்' பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. கண்ணுக்கு விருந்து, காதுக்கு அத்தனை இல்லை. அதில் முன்னால் நின்று ஆடிய இருவரும் அமெரிக்காவில் பிறந்தவர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

வாத்தியத்தைவிடப் பழமையானது அவர்களுடைய வாய்ப்பாட்டு. அயர்லாந்து மொழியில், துணை வாத்தியம் இல்லாமல், தாளக் கட்டுக்குள் அடைபடாமல், நம் விருத்தம் போலப் பாடுவார்கள். கடைசி வார்த்தைகளைப் பாடாமல் சாதாரணமாகப் பேசி முடித்துவிடுவதும் உண்டு. இதில் பெரும் பெயர் ஜோ ஹீனி. 1919இல் கார்னா என்ற கடலோர ஊரில் பிறந்தவர். நூற்றுக்கணக்கான பாடல்கள் நினைவில் இருந்தன. ஊரில் பிழைப்பு இல்லை. நியூயார்க்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாயிற்காப்போனாகச் சீருடை அணிந்து நின்றார். பிற்பாடு சியாட்டிலில் பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக அழைத்தது. 1982இல் அமெரிக்க அரசு விருது கொடுத்தது. 1984இல் அங்கேயே இறந்தார். 1964இல் பதிவான அவருடைய பாட்டும் பேச்சும் 'தி ரோட் ஃப்ரம் கனெமாரா' என்ற பெயரில் கிடைக்கின்றன. மொழி புரியாவிட்டாலும் ஓரிரு பாடல் கேட்டுப் பாருங்கள். குரல் அழகு என்று சொல்ல முடியாது. ஆனால் எழுந்து போக மனம் வராது.

இப்போதெல்லாம் தட்டுக்கும் கேசட்டுக்கும் அலைய வேண்டியதில்லை. டப்ளினில் 1987இல் தொடங்கிய அயர்லாந்து மரபிசைக் காப்பகம் பழைய பதிவுகள் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே கேட்க வைத்திருக்கிறது. கோல்மனின் தட்டுகளும் இணையத்தில் அகப்படும். வீட்டில் இருக்கும் பேரப் பிள்ளைகளிடம் பெயரைச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு தட்டுதான் கேட்க நேரம் உண்டு என்பவர்களுக்கு, 1997இல் வந்த 'தி லோன்சம் டச்' என்பதைச் சொல்வேன். பிடில் வாசிப்பவர் மார்ட்டின் ஹேய்ஸ், கிளேர் மாவட்டத்து ஃபீக்கிள் கிராமத்துக்காரர். கிதார் வாசித்த டெனிஸ் காஹில், கெர்ரியிலிருந்து போன பெற்றோருக்கு சிகாகோவில் பிறந்தவர், 2022இல் மறைந்தார். இருவரும் சந்தித்தது சிகாகோவில். எல்லோரும் வேகமாக வாசித்துக்கொண்டிருந்த காலத்தில், ஃபீக்கிள் பெரியவர்கள் வாசித்த நிதானத்துக்கே ரீலைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். இரவுச் சாப்பாடு முடிந்து, டி.வி.யை அணைத்த பிறகு வைத்துக் கேளுங்கள்.