ஒரு சொல்லைத் திருத்த நிரலர் எதற்கு?

மாணவர் கழகங்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் ஓரிருவர்தான். நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் பலர். ஆனாலும், இணையத்தளத்தில் பொங்கல் விழா அறிவிப்பின் ஒரு சொல்லை மாற்றக்கூட நிரலருக்காகக் காத்திருக்கிறோம். எங்கள் கழகத் தளத்தைக் கவனித்துக்கொள்ளும் நான் இதற்காகவே 'ஸ்மார்ட்டி'யைப் பயன்படுத்துகிறேன். இது பிஎச்பி மொழிக்கான வார்ப்புரு நூலகம்.

இதில் பக்கத்தின் தோற்றமும் வாசகங்களும் தனிக் கோப்பில் இருக்கும். அதுவே வார்ப்புரு. விழாவின் பெயர், தேதி போன்றவை வரவேண்டிய இடங்களில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறியீடு மட்டும் இருக்கும். அவற்றுக்கான தகவலைப் பிஎச்பி நிரல் அனுப்பும். எங்கள் கழகத்தில் வாசகங்களைத் திருத்துபவர் தமிழ் படிக்கும் மாணவி. அவர் பிஎச்பி கற்றதில்லை.

ஒவ்வொரு முறையும் குறியீடுகளைத் தேடிக்கொண்டிருந்தால் தளம் மெதுவாகாதா? ஆகாது. பக்கத்தை முதன்முறை திறக்கும்போதே ஸ்மார்ட்டி வார்ப்புருவைப் பிஎச்பி நிரலாக மாற்றி, வேறொரு கோப்புறையில் சேமித்துவிடும். இதுதான் தொகுத்தல். அடுத்த முறை அந்த நிரலே நேராக இயங்கும். வார்ப்புருவைத் திருத்தினால், கோப்பு மாறிய நேரத்தைப் பார்த்து மீண்டும் தொகுக்கும்.

முயன்று பார்க்க விரும்புவோர் மூன்றை நினைவில் வையுங்கள். தொகுத்தவை சேரும் கோப்புறையில் எழுத சர்வருக்கு அனுமதி வேண்டும். அங்குள்ள கோப்புகளை நேரடியாகத் திருத்தாதீர்கள். அடுத்த தொகுப்பில் அத்திருத்தம் அழிந்துவிடும். மாற்றத்தைச் சோதிக்கும் அமைப்பை நிறுத்தி வைத்திருந்தால், வார்ப்புருவில் செய்த திருத்தம் பக்கத்தில் தெரியாது.

நிரலரும் எழுத்தாளரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்காமல் வேலை செய்ய, கோப்புகளைப் பிரித்து வைப்பதே முதல் படி.