கதவில்லாத வண்டிக்கு ஏ.சி. பம்பு

“ஏ.சி. பம்பு போச்சு மொதலாளி” என்றார் மெக்கானிக்.

போடிமெட்டு ஏற்றத்தில் நான்காவது கொண்டை ஊசி வளைவு. வண்டி, இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்கா செய்து குவித்த வில்லிஸ் ஜீப். கதவு கிடையாது. சன்னல் கிடையாது. கூரை என்று ஒரு கான்வாஸ் துணி, அதிலும் இரண்டு ஓட்டை. இந்த வண்டியில் ஏ.சி. எங்கே இருந்தது, போவதற்கு? கேட்டேவிட்டேன். மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம். பானெட்டைத் தூக்கி, எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் உருண்டையை விரலால் தட்டிக் காட்டினார். ஒரு கொய்யாப் பழ அளவு. டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தள்ளும் பம்பு. நம் ஊர்ப் பட்டறைகளில் அதற்குப் பெயர் ஏ.சி. பம்புதான். அம்பாசிடர் காலத்தில் கார் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். ஆல்பர்ட் சாம்பியன். பாரிஸ்காரர், சைக்கிள் பந்தய வீரர். 1899-இல் பாரிஸ்–ரூபே பந்தயத்தில் முதலாவதாக வந்தவர். அமெரிக்கா போய் ஸ்பார்க் பிளக் தொழிலில் இறங்கினார். பழைய கூட்டாளிகளைப் பிரிந்தபோது ‘சாம்பியன்’ என்ற பெயர் அவர்களோடு நின்றுவிட்டது. சொந்தப் பெயரையே பயன்படுத்த முடியாத நிலையில் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துக்கொண்டார்: ஏ.சி. மிச்சிகன் மாநிலத்து ஃபிளிண்ட் நகரில் 1908-இல் அவர் தொடங்கிய தொழிற்சாலை பின்பு ஜெனரல் மோட்டார்ஸின் அங்கமானது. சாம்பியன் 1927-இல் இறந்துவிட்டார். போரில் ஓடிய ஜீப்புகளின் பெட்ரோல் பம்பு அந்த நிறுவனத்துடையது. பிளக் விற்றவரின் முதலெழுத்து இன்று போடியில் ஒரு மெக்கானிக்கின் வாயில் பம்புக்குப் பெயராக வாழ்கிறது.

ஜீப்பின் சொந்தக்காரர் என் நண்பர், ஏலக்காய்த் தோட்டக்காரர். போர் முடிந்த பிறகு டிஸ்போசலில் தாத்தா எடுத்த வண்டி என்பது அவர்கள் வீட்டில் சொல்லும் கதை. அன்று எங்களைக் கயிறு கட்டிக் கீழே இழுத்து வந்தது, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு டீசல் ஜீப். அதற்குப் பிறகு நாங்கள் ஒரு பம்பு தேடி அலைந்தோம். அலைந்ததில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், பம்புதான் கெட்டது என்று எப்படித் தெரியும்? பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பெட்ரோல் வரவில்லை என்றவுடன் பம்பைக் கழற்றிவிடுகிறார்கள். டேங்க் மூடியில் காற்று போக ஒரு சிறு வழி இருக்கும். அது அடைத்துக்கொண்டால் எந்தப் பம்பாலும் உறிஞ்ச முடியாது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவே வரும் ரப்பர் குழாயில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். பம்பு வெறும் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை. இந்த எஞ்சினில் பம்பும் சூடு கக்கும் எக்ஸாஸ்ட் குழாய்களும் ஒரே பக்கம். பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும். பம்பை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் கிளம்பும்!

எங்கள் மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவி மூக்கருகே கொண்டுபோனார். பெட்ரோல் வாடை. அளவும் ஏறியிருந்தது. அதற்கு மேல் பேச்சில்லை. பம்புக்குள் இருக்கும் டயாபிரம் கிழிந்து, பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்துகொண்டிருந்தது.

இந்தப் பம்பின் வேலை எளிமையானது. எஞ்சினுக்குள் சுழலும் கேம் ஷாஃப்ட்டில் மையம் தப்பிய ஒரு வட்டம் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அது பம்பின் நெம்பை ஒரு தட்டு தட்டும். நெம்பு டயாபிரத்தைக் கீழே இழுக்கும், பெட்ரோல் உள்ளே வரும். கீழிருக்கும் ஸ்பிரிங் டயாபிரத்தை மேலே தள்ளும், பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். கார்புரேட்டர் நிறைந்துவிட்டால் அங்கே ஊசி மூடிக்கொள்ளும். டயாபிரம் கீழேயே நிற்கும். நெம்பு மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். எஞ்சின் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பெட்ரோலின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தச் சின்ன ஸ்பிரிங்தான். இரண்டு மூன்று பவுண்டுக்குள் அது நிற்கும். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். டேங்க் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும் வண்டியில் இது சாதாரண விஷயமல்ல.

டயாபிரம் என்பது மருந்தேற்றிய துணி, சில அடுக்குகள். தேய்வது அதுதான். மற்றதெல்லாம் உலோகம். பட்டாளம் இதைத் தூக்கி எறியும் பொருளாக வைத்திருக்கவில்லை. திறந்து, துணியை மாற்றி, மூடி, மறுபடி மாட்டும் பொருளாகத்தான் வைத்திருந்தது. இது எங்களுக்குப் பிந்திதான் புரிந்தது. அதற்குள் இரண்டு பம்பு வாங்கிவிட்டோம்.

முதலாவது வெளிநாட்டிலிருந்து வந்த, பிரிக்கப்படாத போர்க்காலப் பொட்டலம். மெழுகு தடவிய அட்டைப்பெட்டி, உள்ளே கிரீஸ் பூசிய பம்பு, ஒரு கீறல் இல்லை. நண்பர் அதைச் சாமி படம்போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். மாட்டினோம். சில வாரங்களில் பழையபடி ஆயிலில் பெட்ரோல் வாடை. பம்பு புதிதுதான். அதற்குள் இருந்த துணிக்கு வயது எண்பது! பெட்டிக்குள் பத்திரமாக உட்கார்ந்தபடியே விறைத்துப்போயிருந்தது. பழைய இருப்பு என்று விற்கும் எதையும் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் திறந்து டயாபிரத்தை மாற்றாமல் வண்டியில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது, இப்போது புதிதாகச் செய்யும் நகல். பார்க்க அச்சு அசல். அதன் நெம்பு ஒரு நூல் மாறினாலும் ஸ்ட்ரோக் குறைந்து பெட்ரோல் போதாது, அல்லது கேம் ஷாஃப்ட்டைச் சுரண்ட ஆரம்பிக்கும். எங்களுடையது இரண்டாவது வகை. மெக்கானிக் அதை மாட்டிக் கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். “இது தின்னுரும்” என்று சொல்லிக் கழற்றி வைத்துவிட்டார். ஒரு பம்பை மிச்சம் பிடிக்கப்போய் எஞ்சினை இறக்கும் நிலை வராமல் தப்பினோம்.

வெறும் “ஜீப் பம்பு” என்று கேட்டால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுப்பார். அமெரிக்கப் பட்டாளத்தின் நல்ல பழக்கம், எல்லாவற்றுக்கும் எண் போட்டது. போர்க்கால ஜீப்பின் பாகப் பட்டியலுக்கு ஜி-503 என்று பெயர். அதே ஜீப்பை ஃபோர்டும் செய்தது. ஃபோர்டின் எண் முறையில் 9350 என்றால் பெட்ரோல் பம்பு. பின்னாள் ராணுவ இருப்பு எண்கள் 2910 என்று தொடங்கினால் அது எஞ்சினின் எரிபொருள் பகுதியைச் சேர்ந்தது. வில்லிஸும் ஃபோர்டுமாக ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தார்கள், பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி. அதனால்தான் இந்த வண்டிக்கு இன்னும் உயிர் இருக்கிறது.

நமக்கு அதைவிடப் பெரிய கொடுப்பினை ஒன்று உண்டு. 1947-இல் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் ஜீப் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த ஹரிக்கேன் எஞ்சினின் அடிப்பாகம் போர்க்கால எஞ்சினின் வழி வந்ததுதான். பம்பு உட்காரும் இடமும் அதுவே. ஆகவே 1944-ஆம் ஆண்டு ஜீப்புக்கு உறவுக்காரப் பம்பு சென்னைப் புதுப்பேட்டையில், பழைய மகிந்திராவின் பெயரில் கிடைக்கலாம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களே இந்தியாவில் செய்த ஜீப் பாகங்களை வாங்குகிறார்கள். பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஹரியானாவின் டப்வாலி, ஏலம் போன பட்டாள ஜீப்புகளின் பாகங்களை வைத்து முழு ஜீப்பையே கட்டித் தரும் ஊர் என்று பெயர் வாங்கியது. தரம் மட்டும் கடைக்குக் கடை வேறு. எங்கே வாங்கினாலும் மாட்டுவதற்கு முன் பெட்ரோல் உள்ளே வரும் துளையை விரலால் அடைத்து நெம்பைக் கையால் அடித்துப் பாருங்கள். விரலை இழுத்துப் பிடித்தால் பம்பு, இல்லாவிட்டால் எடைக்கல்.

இந்தக் குடும்பத்தில் இரட்டைப் பம்பு என்று ஒன்று உண்டு. ஒரு பாதி பெட்ரோலைத் தள்ளும், இன்னொரு பாதி வைப்பரை ஆட்டக் காற்றை உறிஞ்சும். காற்றுப் பகுதியின் டயாபிரம் கிழிந்தால் எஞ்சின் தன் ஆயிலையே அந்த வழியாக உறிஞ்சி எரித்து நீலப் புகை விடும். “ரிங் போச்சு, போர் பண்ணணும்” என்று எஞ்சினை இறக்கிவிடுவார்கள். கிழிந்தது உள்ளங்கை அகலத் துணி.

“எலெக்ட்ரிக் பம்பு போட்டுருங்க, வேலை முடிஞ்சது” என்று சொல்லாதவர் இல்லை. நானும் சொன்னேன். போர்க்கால ஜீப் 6 வோல்ட். 1950-களில் வந்த எம்-38 பட்டாள ஜீப் 24 வோல்ட். கடையில் கிடைப்பதோ 12 வோல்ட் பம்பு. முதலாவதில் சோம்பிக் கிடக்கும், இரண்டாவதில் கருகிவிடும். பழைய பிரிட்டிஷ் வண்டியென்றால் பாசிட்டிவ் எர்த் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்றைய ஃபியூயல் இன்ஜெக்ஷன் கார்களின் பம்பு தரும் அழுத்தத்தை இந்தக் கார்புரேட்டர் தாங்காது. ஊசியைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் வழியும், பக்கத்தில் சூடான எக்ஸாஸ்ட். வண்டி கவிழ்ந்தாலும் சாவி அணைக்கும் வரை அது பெட்ரோலை இறைத்துக்கொண்டேயிருக்கும். எம்-151 போன்ற பிற்கால ராணுவ வண்டிகளில் டேங்குக்குள்ளேயே எலெக்ட்ரிக் பம்பு வைத்தார்கள் என்பது உண்மை. அவை அதற்கென்றே வடிவமைத்தவை. சரியான வோல்ட்டில் குறைந்த அழுத்தப் பம்பு, விபத்தில் தானாக நிற்கும் சுவிட்ச், இரண்டும் வைக்க முடியாதவர்கள் இந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பது இப்போது என் கட்சி.

இந்தியாவிலேயே பட்டாளத்துக்காகச் செய்த வண்டிகளின் நிலை வேறு. ஜபல்பூரில் செய்த ஜோங்கா நிசான் வகையைச் சேர்ந்தது. அந்த எஞ்சின் ஓடிய மற்ற நாடுகளிலும் அதன் பாகம் தேடலாம். சக்திமான் லாரி டீசல். அதன் பம்பு நுணுக்கமான சங்கதி, டீசல் பம்பு பட்டறையில் கொடுத்து அளவு வைத்தால்தான் ஆகும். வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரிக்கிற வேலையல்ல.

திண்ணையில் பிரிக்கிற பம்புக்கு இன்று இருக்கும் பெரிய எதிரி பெட்ரோல்தான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் விற்பனைக்கு வந்தது, இப்போது ஏறக்குறைய எல்லா பங்கிலும் அதுதான். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், வார்னிஷைக் கரைக்கும். ஈரத்தை இழுத்துக்கொள்வதால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் துருப்பிடிக்கும். அந்தத் துரு பம்பின் வால்வில் வந்து உட்காரும். கடையில் மலிவாகக் கிடைக்கும் டயாபிரம் கிட் பல, பழைய ரப்பரில் செய்தவை. எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகை ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் ஒரு துண்டைப் பெட்ரோலில் ஒரு வாரம் ஊறப்போட்டுப் பாருங்கள். உப்பினால் வேண்டாம்.

எங்கள் கதை முடிந்தது பழைய பம்பிலேயேதான். போடியில் பழுதாகிப்போன அதே பம்பு. மேல் கீழ் பாகங்களை முடுக்கி முடுக்கி ஓரம் வளைந்திருந்தது. கண்ணாடி மேல் எமரித் தாளை விரித்துத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினார் மெக்கானிக். நெம்பின் ஊசி தேய்ந்திருந்தது. லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்தார்கள். வால்வு இரண்டும் மாற்றியாயிற்று. டயாபிரம் மட்டும் இந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு ஏற்றது. வாங்கிய இரண்டு பம்பின் விலையில் கால்வாசிகூட ஆகவில்லை. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் கொண்டுவந்த ‘வி.ஏ.’ பதிவுக்கும் நண்பர் எழுதிப் போட்டிருக்கிறார். வண்டியின் சேஸியும் உடலும் எஞ்சினும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

தோட்டத்துக் கொட்டகையிலோ, தாத்தாவின் பட்டறைப் பெட்டியிலோ இப்படி ஒரு பம்பு துருவேறிக் கிடந்தால், டயாபிரம் கிழிந்திருக்கிறதே என்று காயலான் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். அழுக்கைத் துடைத்து ‘ஏ.சி.’ என்ற இரண்டு எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பழைய ஜீப் வைத்திருக்கும் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் கிளம்பி வருவார்.