ஆராதனை முடிந்து வாக்குச்சாவடிக்கு

அமெரிக்காவின் வடக்கு கரோலினா மாநிலச் சட்டமன்றம் ராலி நகரில் இருக்கிறது. 2013 ஏப்ரல் 29, திங்கட்கிழமை. கோல்ட்ஸ்பரோ ஊரின் போதகர் வில்லியம் பார்பர், 16 பேரோடு அந்தக் கட்டடத்துக்குள் போய்ப் பாடி ஜெபித்தார். கலைந்து போகச் சொல்லியும் போகவில்லை. 17 பேரும் கைதானார்கள். அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் கூட்டம் பெருகியது. கோடை முடிவதற்குள் கைதானவர்கள் 900-ஐத் தாண்டினார்கள். மூட்டுவாதத்தால் முதுகு வளைந்து கைத்தடியோடு நடப்பவர் பார்பர். ஏழைகளைக் கொள்ளையிட அநியாயச் சட்டம் எழுதுவோரைக் கண்டிக்கும் ஏசாயாவின் பத்தாம் அதிகாரத்தை அவர் அடிக்கடி எடுத்துப் பேசுவார்.

முதலில் அவர்கள் எதிர்த்தது, வேலையிழந்தோர் உதவித்தொகையை வெட்டியதையும், ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க மறுத்ததையும். பிறகு, ஜூன் 25 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. இனப்பாகுபாட்டு வரலாறு உள்ள பகுதிகள் தேர்தல் விதிகளை மாற்றுமுன் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்பது 1965 வாக்குரிமைச் சட்டத்தின் காவல். அந்தத் தீர்ப்பால் அந்தக் காவல் செயலிழந்தது. வடக்கு கரோலினாவில் 40 மாவட்டங்கள் அதன் கீழ் இருந்தன. ஆகஸ்டிலேயே புதிய தேர்தல் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். பெயர் பதிவு செய்த அன்றே வாக்களிக்கும் வசதி ரத்து. முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்கள் 17-இலிருந்து 10.

அந்த ஏழு நாட்கள் யாருடையவை? அமெரிக்கத் தேர்தல் நடப்பது செவ்வாய்க்கிழமை, பெரும்பாலோருக்கு வேலைநாள். மணிக்கணக்கில் கூலி வாங்குபவர் வரிசையில் நின்றால் சம்பளம் போகும். ஆகவே கறுப்பின மக்களின் ஆலயங்கள் ஒரு வழி கண்டிருந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையாரை வேனில் ஏற்றி நேரே வாக்குச்சாவடிக்குக் கூட்டிப் போவார்கள். கார் இல்லாத முதியவர்களும் போய்விடலாம். புதிய சட்டம் அந்த ஞாயிறுகளில் ஒன்றைப் பறித்தது. பிரசங்கத்தைவிட அந்த வேன் பெரிய விசுவாச அறிக்கை என்றே நான் கருதுகிறேன்.

அந்த ஜூன் மாதம் கைதானவர்களில் கறுப்பினப் பெண்மணி ரோசனெல் ஈட்டனும் ஒருவர். வயது 92. 1942-இல், 21 வயதில், கோவேறு கழுதை பூட்டிய வண்டியில் லூயிஸ்பர்க் நீதிமன்றத்துக்கு வாக்காளராகப் பதியப் போனவர். அங்கிருந்த வெள்ளை அதிகாரிகள் அரசியல் சட்டத்தின் முகவுரையைப் பார்க்காமல் ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தார். பிறகு வாழ்நாளெல்லாம் ஆயிரக்கணக்கானோரை வாக்காளர்களாகப் பதிய வைத்தார். அதற்காக அவர் வீட்டு முற்றத்தில் சிலுவையை எரித்தார்கள். வீட்டை நோக்கிச் சுட்டார்கள். அப்படிப்பட்டவரையும் புதிய சட்டம் திரும்ப அலைய வைத்தது: ஓட்டுநர் உரிமத்தில் ஒரு விதமாகவும் வாக்காளர் பட்டியலில் வேறு விதமாகவும் இருந்த பெயரைச் சரிசெய்ய அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். அவரும் வழக்குத் தொடுத்தார்.

2016 ஜூலை 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. எந்த இனத்தார் எந்த வசதியைப் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கைச் சட்டமன்றம் முன்பே கேட்டு வாங்கியிருந்தது. கறுப்பின வாக்காளர்களையே துல்லியமாகக் குறிவைத்தது இந்தச் சட்டம் என்றார்கள் நீதிபதிகள். 2018 டிசம்பரில், 97 வயதில், ஈட்டன் காலமானார்.

இதைக் கிறிஸ்தவர்களின் வெற்றி என்று மட்டும் எழுதினால் பொய்யாகிவிடும். அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கியவர்களிலும் ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். அடிமை முறைக்கும் ஒரு காலத்தில் வேதாகமத்திலிருந்தே வசனம் காட்டினார்கள். பார்பரோடு யூத குருமாரும், மத நம்பிக்கையே இல்லாதவர்களும் நின்றார்கள். ஒருவருடைய விசுவாசம் யார் பக்கம் நிற்கிறது என்பதை, பலவீனரின் வாக்குச்சீட்டை அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பார்க்க முடிகிறது.

போராட்டம் அத்தோடு தீரவில்லை. 2018-இல் அடையாள அட்டை விதி மாநில அரசியல் சட்டத்திலேயே ஏறியது. அதை ஒட்டிய சட்டம் செல்லும் என்று 2023-இல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கிடைத்த உரிமை அந்த மாநிலத்தில் முன்பும் ஒருமுறை பறிபோயிருக்கிறது. 1898-இல் வில்மிங்டன் நகர ஆட்சியை ஆயுதக் கும்பல் கவிழ்த்தது. இரண்டே ஆண்டில் எழுத்தறிவுத் தேர்வு சட்டமானது. ஈட்டனை முகவுரை ஒப்பிக்க வைத்த அதிகாரம் அங்கிருந்து வந்ததுதான். அடுத்த வாரம் வில்மிங்டனுக்குப் போவோம்.

(தொடரும்)