அரசு கொடுத்த லேப்டாப்பும் "இனிமே ஏறாது" என்ற பேச்சும்

கார்த்திகை மாசத்துக் காத்துல கடல் கொந்தளிச்சுக் கிடந்த வாரம் அது. தேவிபட்டினத்தில் பாதிப் படகுகள் கரையில்தான் நின்றன. பக்கத்துத் தெருத் தங்கச்சி ஒருத்தி துணிப்பையில் ஒரு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூடியில் தமிழ்நாடு அரசு முத்திரை. 2018-ல் பிளஸ் டூ முடித்தபோது பள்ளிக்கூடத்தில் வாங்கியது.

"அண்ணே, கடையில இது ஆகாதுன்னுட்டாங்க. விண்டோஸ் 10 முடிஞ்சுபோச்சாம், 11 இதுல ஏறவே ஏறாதாம். புதுசு வாங்கச் சொல்றாங்க."

புதுசு என்றால் முப்பத்தைந்தாயிரம். அம்மாவின் வளையலை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு ஓடியிருக்கிறது. அவளுக்கு இந்தப் பெட்டி வெறும் படம் பார்க்கிற பெட்டி இல்லை. தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். டியூஷன் சென்டருக்குக் கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை, மனுக்கள் என்று வீட்டிலிருந்தே அடித்துக் கொடுத்து மாசம் கொஞ்சம் சம்பாதிக்கிறாள். குரூப் 4-க்கும் படிக்கிறாள்.

நான் அன்று செய்ததையும், அதற்காகப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே குறித்து வைக்கிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம் இது. முதல் ஆண்டுக்கு மட்டும் சுமார் 9 லட்சம், மொத்தமாக ஐம்பது லட்சத்துக்கு மேல் லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். இதே கேள்வி இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கிடக்கும்.

முதலில், "முடிஞ்சுபோச்சு" என்றால் என்ன? 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் ஆதரவு நின்றது. மெஷின் நிற்கவில்லை. மறுநாள் காலையிலும் அது பழையபடிதான் ஓடும். நின்றது மாசாமாசம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு ஒட்டு வேலை. புதிதாக ஓட்டை கண்டுபிடித்தால் அடைக்க ஆள் இல்லை. இன்டர்நெட்டில் பேங்க் வேலை பார்க்கிறவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. நெட் இல்லாமல் டைப் மட்டும் அடிக்கிறவர்களுக்கு அவ்வளவு இல்லை. இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

அதிலும் ஒரு நீட்டிப்பு இருக்கிறது. வீட்டு உபயோகக்காரர்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸை அந்தக் கணக்கோடு பேக்கப் பண்ணச் சம்மதித்தால், காசில்லாமல் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். காசு கொடுத்தும் சேரலாம். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் இதை அவளிடம் சொல்லவே இல்லை.

அடுத்தது, "11 ஏறாது". இந்த ஒரு வார்த்தைக்குள் மூன்று வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. அதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதற்குச் செலவு பண்ணலாம், எதற்குக் கூடாது என்று தெரியும்.

விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தகுதி: 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற சாவி பாதுகாக்கும் சில்லு, அதோடு அவர்கள் பட்டியலில் உள்ள புராசஸர். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து. ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையிலிருந்து. தங்கச்சியோட லேப்டாப்பில் இருப்பது ஏஎம்டி ஏ6 வகை. பட்டியலில் கிடையாது. அதனால் இன்ஸ்டாலர் முதல் பக்கத்திலேயே கையை விரித்துவிடுகிறது.

ஆனால் பட்டியலில் இல்லை என்பதும் ஓடாது என்பதும் ஒன்றல்ல. டிபிஎம் இருக்கிறதா, புராசஸர் பட்டியலில் உள்ளதா என்று பார்ப்பது இன்ஸ்டாலர் மட்டும்தான். வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. உள்ளே போனபிறகு விண்டோஸ் தினமும் அதைக் கேட்பதில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றி இந்தச் சோதனையைத் தளர்த்தும் வழியை மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் சில வருஷம் போட்டு வைத்திருந்தது. 2025 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளில் பென்டிரைவ் தயாரிக்கும்போதே அந்தச் சோதனையை நீக்க ஒரு கட்டம் வரும். டிக் பண்ணினால் போதும்.

நிஜமாகவே ஓடாத இடமும் ஒன்று இருக்கு. 2024-ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட் என்ற கட்டளைகள் தெரிந்த புராசஸர் கட்டாயம். இது காவலாளி விஷயம் இல்லை. விண்டோஸ் அந்தக் கட்டளையைச் சொல்லும்போது புராசஸருக்கு அந்த வார்த்தையே தெரியாது. பூட் ஆகாமல் நின்றுவிடும். கோர் 2 டியோ காலத்து மெஷின்கள், 2011 வாக்கில் வந்த ஏஎம்டி இ-350 போன்ற சின்னப் புராசஸர்கள் இந்த வகை. இதுக்கு முந்தைய 23எச்2-வின் ஹோம் பதிப்புக்கும் 2025 நவம்பர் 11-ல் ஆதரவு முடிந்துவிட்டதால், இந்த மெஷின்களில் விண்டோஸ் 11-க்காக மல்லுக்கட்டுவது வீண். இன்டெல்லில் ஐ3, ஐ5 என்று தொடங்கிய முதல் தலைமுறையிலிருந்தே அந்தக் கட்டளைகள் உண்டு. தங்கச்சியுடைய ஏ6-லும் உண்டு.

மூணாவது, ஓடும் ஆனா ஊரும். இதுதான் நம்மூரில் அதிகம்.

சரி, வேலைக்கு வருவோம். அன்றைக்கு அவள் லேப்டாப் ஆன் ஆனதே பெரும்பாடு. விசிறி சுத்தும், திரை இருட்டாகவே இருக்கும். "மதர்போர்டும் போச்சுன்னாங்கண்ணே" என்றாள். பின்மூடியைக் கழற்றி ரேமை உருவிப் பார்த்தால், தங்க நிறக் கால்களில் மங்கலாய் ஒரு படலம். நவபாஷாணக் கல்லைச் சுத்தி அலையடிக்கிற ஊர் இது. உப்புக்காத்து சன்னல் கம்பியை விடாது, ரேமை விடுமா? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரை வைத்து மெதுவாகத் தேய்த்து, பிரஷால் துகளைத் தட்டி, திரும்பச் செருகினேன். திரை வந்துவிட்டது. கடற்கரை ஊர்க்காரர்கள் "மதர்போர்டு போச்சு" என்று யாராவது சொன்னால், முதலில் இந்த ரப்பர் வைத்தியத்தைப் பண்ணிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செய்யவும்.

இரண்டாவது வைத்தியம் டிஸ்க். உள்ளே இருந்தது சுழலும் 500 ஜிபி ஹார்டு டிஸ்க். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது, புராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. 4 ஜிபி ரேம் நிரம்பியதும் மிச்சத்தை விண்டோஸ் டிஸ்கில் எழுதி எழுதிப் படிக்கும். சுழலும் டிஸ்கில் அது நடைவண்டிதான். 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, ராமநாதபுரத்தில் இரண்டாயிரத்துக்குள் கிடைத்தது. பழைய லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவுதான் பண்ண முடியும் என்றால் இதைப் பண்ணுங்கள். ரேம் கூட அப்புறம்தான்.

எஸ்எஸ்டியைப் போட்டுவிட்டு, காவலாளியை ஒதுக்கி விண்டோஸ் 11-ஐ ஏற்றிப் பார்த்தேன். ஏறியது. வைஃபை, ஒலி, தொடுபலகை எல்லாம் வேலை செய்தன. கடைக்காரர் சொன்னது அங்கேயே பொய்த்துவிட்டது. ஆனாலும் நான் அதை அவளிடம் கொடுக்கவில்லை. சும்மா இருக்கும்போதே 4 ஜிபியில் பாதிக்கு மேல் விண்டோஸே தின்றுவிடுகிறது. இரண்டு குரோம் டேப், ஒரு வேர்டு திறந்தால் மூச்சு வாங்குகிறது. இன்னொன்று, இப்படி ஏற்றிய மெஷின்களுக்கு அப்டேட் கொடுக்கும் கடமை தனக்கில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. மாசாந்திர அப்டேட் பொதுவாக வருகிறது; ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது, கையால் ஏற்ற வேண்டும். நான் ஊரில் இருக்கும்வரை சரி. இல்லாதபோது அவள் மறுபடி அந்தக் கடைக்குத்தானே போகணும்?

யூடியூபில் கிடைக்கும் "லைட்" விண்டோஸ்களையும் சிலர் போட்டுக் கொடுக்கிறார்கள். வேகமாகத்தான் ஓடும். என்ன எடுத்தார்கள், என்ன சேர்த்தார்கள் என்று தெரியாத ஒன்றில் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பதற்கு, ஒட்டு வராத விண்டோஸ் 10 எவ்வளவோ மேல்.

மிச்சம் இருந்தது லினக்ஸ். வேடிக்கை என்னவென்றால், இந்தத் திட்டத்தின் தொடக்கக்கால லேப்டாப்புகள் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத்தான் வந்தன. சென்னை சி-டாக் 2007-லிருந்து டெபியனை அடிப்படையாக வைத்து வெளியிட்டு வரும் இயங்குதளம் அது. என் கணக்கில் பத்துக்கு ஒன்பது பேர் முதல் வாரமே கடையில் கொடுத்து ஃபார்மட் பண்ணி அதை அழித்தார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். அதை வைத்து என்ன செய்யலாம் என்று வகுப்பில் ஒருத்தரும் காட்டித் தரவில்லை.

நான் போட்டது லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2029 ஏப்ரல் வரை அதற்கு ஆதரவு உண்டு. சும்மா இருக்கும்போது ஒரு ஜிபிக்குள் அடங்கிக்கொள்கிறது. டைப்பிங்தான் எனக்குப் பயம். அவள் விரல் பழகியது பழைய டைப்ரைட்டர் விசைப்பலகை. தமிழ்99 அவளுக்கு ஆகாது. ஐபஸ், எம்17என் இரண்டையும் நிறுவியதும் தமிழ்99, ஒலிபெயர்ப்பு வரிசையோடு டைப்ரைட்டர் அமைப்பும் பட்டியலில் வந்தது. உட்கார்ந்து ஒரு பக்கம் அடித்துப் பார்த்தாள். "ரெண்டு மூணு எழுத்து இடம் மாறியிருக்குண்ணே, பழகிக்கலாம்" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்யாணப் பத்திரிகை வேலை கொடுக்கும் அச்சகம் வானவில் எழுத்துருவில்தான் ஃபைல் கேட்கிறது. யூனிகோடுக்கு முந்தைய அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். அவர்கள் பேஜ்மேக்கரை விடப்போவதில்லை. அவள் வானவில்லில் அடிக்கும் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும். மாற்றிகளை வைத்துச் சமாளித்துப் பார்த்தோம். "ஸ்ரீ"யும் கிரந்த எழுத்தும் அங்கங்கே உடைந்தன. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் உடைந்தால் யார் பதில் சொல்வது?

ஆகவே இரண்டையும் வைத்தேன். எஸ்எஸ்டியில் 100 ஜிபி விண்டோஸ் 10-க்கு, மிச்சம் மின்ட்டுக்கு. விண்டோஸ் பக்கத்தை ஓராண்டு நீட்டிப்பில் சேர்த்தாச்சு. மாசம் ஒருமுறை அப்டேட்டுக்கு மட்டும் நெட் கொடுக்க வேண்டும், 2026 அக்டோபருக்குப் பிறகு அதுவும் கிடையாது. அச்சக வேலை அங்கே. பேங்க், தேர்வு விண்ணப்பம், வாட்ஸ்அப், படிப்பு எல்லாம் மின்ட்டில். ஆன் பண்ணும்போது எது வேண்டும் என்று கேட்கும். அவளுக்குக் குழப்பமே வரவில்லை, "கடைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டாள்.

சரியாகாததும் உண்டு. பேட்டரி செத்துவிட்டது, வயரைச் செருகியேதான் ஓட்டணும். காத்து மழையில் கரன்ட் போனால் அடித்தது போச்சு என்பதால் இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகச் சேமிக்கும்படி லிப்ரே ஆஃபீஸில் வைத்துக் கொடுத்தேன். அவள் வீட்டுப் பழைய பிரிண்டருக்கு லினக்ஸ் டிரைவர் சரியாக அமையவில்லை. பிடிஎஃப் ஆக்கி விண்டோஸுக்குப் போய்த்தான் அடிக்கிறாள்.

போன வாரம் அவள் அண்ணன் ஒரு லேப்டாப்போடு வந்தான். 2012-ல் வாங்கியது, 2 ஜிபி ரேம், இன்னும் விண்டோஸ் 7. குரோம் 2023-லேயே அதைக் கைவிட்டாச்சு, பாதித் தளங்கள் திறக்கவில்லை என்கிறான். புராசஸர் 64 பிட்டா என்று இன்னும் பார்க்கவில்லை. 32 பிட் என்றால் வழி குறுகும்: டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது, 12-ஐத்தான் பிடிக்கணும், அது 2028 ஜூன் வரை தாங்கும். முதலில் பின்மூடியைக் கழற்றணும். ரப்பர் மேசை மேலேயே இருக்கு.