14 வயதில் பூட்டப்படும் மனம்: ‘த ட்ரைபொட்ஸ்’ தொடரும் எங்கள் கரையும்

1984ஆம் ஆண்டு செப்டெம்பரில் பிபிசி தொலைக்காட்சி ஒரு விஞ்ஞானக் கற்பனைத் தொடரைத் தொடங்கியது. சனிக்கிழமை மாலையில் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பார்ப்பதற்கென்று எடுக்கப்பட்டது. பெயர் ‘த ட்ரைபொட்ஸ்’. முக்காலிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஜோன் கிறிஸ்டோபர் என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கில எழுத்தாளர் சாம் யூட், 1967இலும் 1968இலும் சிறுவர்களுக்காக எழுதிய மூன்று நாவல்கள்தான் அதற்கு மூலம். முதல் வருடம் 13 பகுதிகள், அடுத்த வருடம் 12 பகுதிகள் வந்தன. மூன்றாவது நாவலைப் படமாக்க முன்னர் பிபிசி தொடரை நிறுத்திவிட்டது.

நாற்பது வருடத்துக்கு முந்திய இந்தத் தொடரைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. பாண்டிருப்பில் பின்னேரங்களில் சில பிள்ளைகளுக்கு நான் கதை சொல்வதுண்டு. எத்தனையோ கதை சொன்னேன். இதைப்போல வேறெதுவும் அவர்களை வாதாட வைக்கவில்லை. பெற்றோர்களும் வந்து நின்று கேட்டார்கள். பிள்ளைகள் கேட்ட கேள்வி ஒன்று, பெற்றோர் கேட்ட கேள்வி வேறொன்று.

கதை 2089ஆம் ஆண்டில் நடக்கிறது. ஆனால் பார்த்தால் பழைய காலம்போல இருக்கும். குதிரை வண்டி, வயல், ஆலை, சின்னச் சின்னக் கிராமங்கள். பெரிய நகரங்கள் பாழடைந்து கிடக்கின்றன. யுத்தம் இல்லை, பசியும் பெரிதாக இல்லை. வானளவு உயர்ந்த மூன்று கால் இயந்திரங்கள் இடைக்கிடை நடந்து வரும், போகும். அவற்றை ஓட்டுவது வேற்றுக்கிரகத்தவர். மனிதர்கள் அவற்றை வணங்காத குறையாக மதிக்கிறார்கள். நாவலின்படி பிள்ளைக்கு 14 வயதானதும் ஒரு சடங்கு நடக்கும். ஊர் கூடி விருந்து வைக்கும். முக்காலி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும். திரும்பி வரும்போது பிள்ளையின் தலையில் மெல்லிய உலோக வலையொன்று தோலோடு தோலாகப் பதிந்திருக்கும். ஆங்கிலத்தில் அதற்குத் தொப்பி என்ற பொருளில்தான் பெயர். அந்தச் சொல்லுக்கு எங்கள் கரையில் வேறு சுமை இருக்கிறது. அயலூர்ச் சகோதரர்கள் தலையில் அணிவதை வைத்துப் பகிடி பண்ணிய காலமும் உண்டு. ஆகையால் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ‘தலைவலை’ என்றே சொல்கிறேன்.

தலைவலை போட்டவர் என்ன ஆவார்? இங்கேதான் கதை மற்றக் கதைகளிலிருந்து விலகுகிறது. அவர் நடைப்பிணம் ஆவதில்லை. வேலை செய்வார், சிரிப்பார், கலியாணம் முடிப்பார், பிள்ளைகளில் அன்பு வைப்பார். ஒன்றே ஒன்றுதான் இல்லாமல் போகும்: முக்காலிகள் ஏன் இருக்கின்றன என்ற கேள்வி. வில் என்ற சிறுவனுக்கு ஜாக் என்றொரு மச்சான். சடங்குக்கு முதல் அவனிடம் ஆயிரம் சந்தேகம். சடங்கு முடிந்து வந்தபிறகு, அதெல்லாம் சின்னப்பிள்ளைத்தனம் என்று நிம்மதியாகச் சொல்கிறான். வில்லுக்குப் பயம் பிடிப்பது அந்த நிம்மதியைப் பார்த்துத்தான். அவன் இன்னொரு பையனுடன் ஊரை விட்டு ஓடுகிறான். தெற்கே வெண்மலைகளில், தலைவலை இல்லாத சுதந்திர மனிதர்கள் ஒளிந்திருப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறான்.

பெற்றோர்களின் கேள்வி இதிலிருந்துதான் வந்தது. “சந்தோசமாக இருக்கிறார்கள் என்றால் அதில் என்ன பிழை?” பகிடிக்குக் கேட்டதல்ல. முப்பது வருடம் சண்டைக்குள் சீவித்தவர்கள் கேட்டது. சண்டையில்லாத ஊர் என்றால் அவர்களுக்கு அது சும்மா விஷயமில்லை.

எங்களுக்குத் தெரிந்த கட்டுப்பாடு துவக்கோடு வந்தது. சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று இங்கே நாற்பது வயது தாண்டிய எவருக்கும் விளக்கத் தேவையில்லை. விடியப்புறம் ஊரை வளைப்பார்கள். ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையில் இருத்துவார்கள். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் துளை விட்ட ஒருவர் முன்னால் நிற்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தலையாட்டி. அவர் தலை அசைந்தால் ஒரு வாழ்க்கை முடிந்தது. தேசிய அடையாள அட்டை, சோதனைச் சாவடி, வீட்டில் எத்தனை பேர் என்ற பதிவு எல்லாம் அந்த ஒரே சங்கிலிதான். ஆனால் ஒன்று: வரிசையில் இருந்தவனின் மனம் அவனுடையதாகவே இருந்தது. வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள் ஏசலாம். முக்காலிகள் செய்வது அதற்கு மேலே ஒரு படி. அங்கே சாக்கு மூடியவர் தேவையில்லை. ஒவ்வொருவரும் தனக்குத் தானே தலையாட்டி.

அப்படிப் பழகிய எங்களுக்கு, பயமுறுத்தாமல் வரும் கட்டுப்பாட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அது கட்டுப்பாடு என்றே படாது. தொடரில் இதை அழகாகக் காட்டும் கட்டம், பையன்கள் பிரான்சில் ஒரு பிரபுவின் கோட்டையில் தங்கும் கட்டம். அங்கே எலோயிஸ் என்ற பெண்ணிடம் வில்லின் மனம் போகிறது. அந்த வீட்டாருக்கும் அவனைப் பிடிக்கிறது. தங்கிவிடலாம், நல்ல சாப்பாடு, குதிரை, மரியாதை. பிறகுதான் அவள் தலைத்துணிக்குக் கீழே ஏற்கெனவே உலோக வலை இருப்பது தெரிகிறது. முக்காலிகளின் நகரத்துக்குச் சேவகம் செய்யத் தெரிவானதும் அவள் அழவில்லை, பெருமைப்படுகிறாள். இரண்டாவது நாவலில் வில் அந்த நகரத்துக்குள் நுழைந்து பார்க்கும்போது, அழகான பொருட்களைச் சேர்த்து வைப்பதுபோல அவளுடைய உடலைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியைச் சிறிய பிள்ளைகளுக்கு நான் சொல்வதில்லை.

சிலர் ஆசிரியரிடம் குறை சொன்னார்கள்: இவ்வளவு அசிங்கமாக நடக்கும் இயந்திரங்கள், விமானமும் குண்டும் வைத்திருந்த மனிதரை எப்படி வென்றன? அதற்குப் பதிலாக 1988இல் அவர் ஒரு முன்கதை எழுதினார். அதில் முக்காலிகள் முதலில் வரும்போது சுலபமாக அழிக்கப்படுகின்றன. உலகமே சிரிக்கிறது. பிறகு அவற்றைக் கேலி செய்யும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி வருகிறது. பார்த்தவர்களில் ஒரு பகுதியினர் அதை விட முடியாமல் போகிறார்கள். அவர்களுக்கு முக்காலிகளில் பக்தி வந்துவிடுகிறது. மறுப்பவர்கள் எதிரிகளாகிறார்கள். வென்றது இயந்திரத்தின் கால் அல்ல, வீட்டுக்குள் இருந்த பெட்டி. இணையம் வீடுகளுக்கு வராத காலத்தில் எழுதியது என்பதை மறக்கக்கூடாது.

எங்கள் மாவட்டத்தில் நடந்ததை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பாட்டில் ஏதோ கட்டி இருந்தது என்று ஒருவர் சத்தம் போடுகிறார். சிங்களவர்களுக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை கலந்திருக்கிறார்கள் என்ற கதை ஏற்கெனவே முகநூலில் சுற்றிக்கொண்டிருந்தது. கடையில் நின்றவரைக் கூட்டம் சூழ்ந்து சிங்களத்தில் கேட்கிறது. சிங்களம் சரியாக விளங்காத அவர் ஆம் என்பதுபோல ஏதோ சொல்கிறார். அது வீடியோவாகிறது. அன்றிரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் கண்டியில் பெரும் கலவரம். அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வு பிறகு சொன்னது. வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது. கல்முனையிலிருந்து அம்பாறை நகரம் பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அந்த வீடியோவைப் பகிர்ந்தவர்கள் தங்களை யாரோ ஆட்டுவிக்கிறார்கள் என்று நினைத்திருக்கமாட்டார்கள். தங்கள் சனத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருப்பார்கள். எங்கள் தமிழ் ஆட்களின் வட்ஸ்அப் குழுக்களில் முஸ்லிம்களைப் பற்றி ஓடுவதும், அவர்களுடைய குழுக்களில் எங்களைப் பற்றி ஓடுவதும் இதைவிடச் சுத்தம் என்று என்னால் சொல்ல முடியாது.

தமிழிலும் இப்படியொரு கதை உண்டு. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. பிறகு தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 2021ஆம் ஆண்டு இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கூடாது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். நிலா என்ற பெண்ணும் ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டியும் இந்த ஆட்சியின் உள்ளே போய்ப் பார்க்கும்போது, ஜீவா என்ற ஆளே இல்லை, ஒளியால் ஆன பிம்பம் மட்டுமே என்று தெரிகிறது. சுஜாதா பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியியலாளராக இருந்தவர், இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் பங்கு கொண்டவர். இயந்திரம் எப்படி நம்பிக்கையைச் சம்பாதிக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் பிள்ளைகளுக்கு ஜீனோவைப் பிடிக்கிற அளவுக்கு ஜீவா பயம் தருவதில்லை. அந்த விஷயத்தில் முக்காலிகளே மேல்.

இனி அரசின் பக்கம். கண்டிக் கலவரத்தின்போது 2018 மார்ச்சில் சமூக ஊடகங்களை ஒரு வாரமளவில் முடக்கினார்கள். 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும் அதேதான். வதந்தியை நிறுத்த அது அவசியம் என்றார்கள், இருக்கலாம். ஆனால் சாய்ந்தமருதில் ஏப்ரல் 26ஆம் திகதி வெடித்தபோது, எங்கே என்ன நடக்கிறது என்று அயலூரில் இருந்த நாங்கள் அறிவதற்கும் அதே வழிதான் இருந்தது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழுவுக்குக் கொடுக்கிறது. கைவிரல், முகம், கருவிழி ஆகியவற்றைப் பதியும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டமும் இந்திய உதவியோடு தயாராகிறது. வரிசையில் நிற்காமல் காரியம் முடியும் என்பது உண்மையான வசதி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, அந்தப் பதிவை யார் யார் பார்க்கலாம் என்று கேட்கும் உரிமையும் உண்மையானது. இரண்டில் ஒன்றை மட்டும் பேசுபவர்களை நான் நம்புவதில்லை.

பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். சுதந்திர மனிதர்கள் போலித் தலைவலை அணிந்துதான் ஊருக்குள் நடமாடுவார்கள். இதை விளக்க நான் சிரமப்படவில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் வருடந்தோறும் பாண்டவர் வனவாசம் போவதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அஞ்ஞாதவாசம் தெரியும். அவர்கள் கேட்டது வேறு. “அந்தப் பொடியன்கள் மலைக்குப் போனதும் அங்கே அவர்களுக்கு என்ன வேலை?”

வேலை, போர்தான். வளர்ந்தவர்கள் எல்லாரும் தலைவலை போட்டவர்கள், ஆகவே எதிர்ப்பு இயக்கத்துக்குப் பிள்ளைகள்தான் வேண்டும். பயிற்சி கொடுக்கிறார்கள். பிறகு வில்லையும் ஃபிரிட்ஸ் என்ற ஜெர்மன் பையனையும் எதிரியின் நகரத்துக்குள் அடிமைகளாக அனுப்புகிறார்கள். அங்கே பாரம் அதிகம், சூடு அதிகம், காற்று மனிதருக்கு நஞ்சு. போகும் மனிதர்கள் சில வருடங்களில் செத்துப்போவார்கள். அது தெரிந்தே அனுப்புகிறார்கள். இங்கிலாந்துப் பிள்ளைகள் இதை வீரச்செயலாகப் பார்த்திருப்பார்கள். மட்டக்களப்பு, அம்பாறைத் தாய்மார் அப்படிப் பார்ப்பார்களா? வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்டு வந்தவர்களை அவர்களுக்குத் தெரியும். புலிகள் 14, 15 வயதுப் பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். 2004 மார்ச்சில் கருணா பிரிந்தபின், அவருடைய அணியும் அதையே செய்தது. யுனிசெப்பிடம் முறைப்பாடு கொடுத்த பெற்றோர் இந்தக் கரையில் எத்தனையோ பேர். கட்டுப்பாட்டை எதிர்க்கிறோம் என்று சொன்னவர்கள், எதிர்ப்பதற்குச் சம்மதமா என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்கவில்லை. இதைச் சொன்னால் போராட்டத்தைக் கொச்சைப்படுத்துகிறேன் என்பார்கள். முக்காலிகள் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பூமியின் காற்றையே தங்களுக்கு ஏற்றதாக மாற்றி, எல்லா உயிரையும் கொல்லத் திட்டமிட்டவர்கள். அவர்களை எதிர்க்காமல் வழியில்லை. ஆனாலும் 14 வயதுப் பிள்ளையின் தலையை இரண்டு பக்கமும் கேட்கிறது என்பது கதையிலேயே இருக்கிறது. ஆசிரியர் அதை மறைக்கவில்லை.

நல்ல வேளையாக, வில் பொருத்தமான வீரன் இல்லை. அவசரக்காரன், பொறாமைக்காரன், சொன்னதைக் கேட்காதவன். அவனால் திட்டங்கள் குழம்புகின்றன. பீன்போல் என்று பட்டப்பெயர் வாங்கிய மெலிந்த பையன்தான் பழைய இயந்திரங்களை எடுத்துப் பார்த்து, இது எப்படி வேலை செய்கிறது என்று யோசிப்பவன். இந்தக் கதையில் இயந்திரத்தை வெறுப்பவன் வெல்வதில்லை, விளங்கிக்கொள்பவன்தான் வெல்கிறான். கைபேசியைப் பறித்து அலுமாரியில் பூட்டும் பெற்றோருக்கு நான் இதைத்தான் சொல்வது.

தொலைக்காட்சித் தொடர் முடியும் இடம் கொடுமையானது. நகரத்தின் இரகசியங்களோடு வில் மலைக்குத் திரும்புகிறான். சுதந்திர மனிதர்களின் தளம் இடிந்து கிடக்கிறது. அத்தோடு படம் நின்றுவிட்டது. மூன்றாவது நாவலில் மனிதர்கள் வெல்கிறார்கள். கடைசி நகரத்தை அழிக்கும்போது வில்லின் சிறுவயதுத் தோழன் ஹென்றி இறந்துபோகிறான். தலைவலைகள் செயலிழக்கின்றன. உடனே எல்லா நாட்டாரும் கூடி மாநாடு வைக்கிறார்கள். இனி ஒன்றாக இருப்போம் என்பதற்காகக் கூட்டிய மாநாடு. தலைமை யாருக்கு, எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று தொடங்கிய வாக்குவாதத்தில் ஒவ்வொரு கூட்டமாக எழுந்து வெளியே போகிறது. முக்காலிகளின் காலத்தில் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்காத மனிதர்கள் அவர்கள். வில்லும் பீன்போலும் ஃபிரிட்ஸும் தங்கள் சொந்த ஆசைகளை ஒதுக்கிவிட்டு, பிரிந்து போனவர்களிடம் திரும்பப் பேசுவதற்குப் புறப்படுகிறார்கள். பிபிசி படமாக்காத பகுதி அது. புத்தகத்தில்தான் வாசிக்க வேண்டும்.