வாலில்லாத உறவினர்

உத்திரமேரூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் வாழ்வோருக்குக் குரங்கு புதிதன்று. கோயில் மதிலிலும் புளியமரத்திலும் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். உச்சந்தலையில் குல்லாய் வைத்தாற்போல மயிர் படிந்திருக்கும். இதுவே தென்னிந்தியாவின் நாட்டுக் குரங்கு. "நம் முன்னோர் இவர்தாம்!" என்று யாரேனும் வேடிக்கையாகச் சொல்லியிருப்பார்கள். அது சரிதானா?

அடுத்த முறை குரங்கைக் காணும்போது அதன் வால், கன்னம், தோள் ஆகிய மூன்றையும் கவனியுங்கள். வால் நீளமானது, கிளைமேல் ஓடும்போது உடலைச் சமநிலையில் வைக்க உதவுகிறது. வேர்க்கடலை கிடைத்தால் உடனே விழுங்காமல் கன்னப்பையில் அடைத்துக்கொள்ளும். கிளைகளின் மேல் பெரும்பாலும் நான்கு காலாலும் ஓடும்.

இனி வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிம்பன்சியைப் பார்த்தவர்கள் நினைவுபடுத்திப் பாருங்கள். வால் இல்லை, கன்னப்பையும் இல்லை. மார்பு அகன்றது, கை காலைவிட நீளமானது. கிப்பன், ஒராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ ஆகியவற்றை வாலில்லாக் குரங்குகள் என்பர். உயிரியல் முறைப்படி மனிதனும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவனே.

வால் இல்லாதது மட்டும் போதுமா? போதாது. வட ஆப்பிரிக்காவின் பார்பரிக் குரங்குக்கு வால் இல்லையென்றே சொல்லலாம். ஆயினும் அது நம் நாட்டுக் குரங்கின் இனத்தைச் சேர்ந்தது. தமிழகத்துத் தேவாங்குக்கும் வால் கிடையாது. அதுவோ இன்னும் தொலைவான உறவு.

எனவே தோளைப் பாருங்கள். உங்கள் கையை உயர்த்தி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எளிதாகச் சுற்றுகிறதல்லவா? குரங்குக்குத் தோள்பட்டை எலும்பு மார்பின் பக்கவாட்டில் உள்ளது. வாலில்லாக் குரங்குக்கும் நமக்கும் முதுகுப்புறத்தில் உள்ளது. அதனால் கை எல்லாத் திசையிலும் சுழல்கிறது. வேப்பங்கிளையைப் பிடித்து நீங்கள் ஊஞ்சலாடுவது இந்தத் தோளால்தான்.

ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதையிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன. ஒன்றில் நாட்டுக் குரங்கு போன்றவை தோன்றின. மற்றொன்றில் வாலில்லாக் குரங்குகள் தோன்றின. ஆகவே மதில்மேல் இருப்பது நம் பாட்டனார் அன்று, தூரத்துப் பங்காளி! வால் மறைந்ததற்கும் தடயம் கிடைத்துள்ளது. வால் வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவில் சிறு டி.என்.ஏ. துண்டு புகுந்ததே ஒரு காரணம் என 2024-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அதற்கு ஒப்பான மாற்றத்தைச் செய்தபோது சுண்டெலிகள் சில குட்டை வாலுடனும் சில வாலின்றியும் பிறந்தன.

இந்தியக் காடுகளில் வாழும் வாலில்லாக் குரங்கு ஹூலக் கிப்பன் மட்டுமே. அதன் இருப்பிடம் வடகிழக்கு மாநிலங்கள். அஸ்ஸாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில் ஹூலோங்காபார் காடு 1997-இல் அதற்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீண்ட கைகளால் கிளைக்குக் கிளை வீசித் தாவும் கிப்பன், தரையில் இறங்க மிகவும் தயங்கும். அந்தக் காட்டையோ ஒரு ரயில்பாதை இரண்டாகப் பிரிக்கிறது. நம் ஊர்க் குரங்கு சாலையை ஓடிக் கடந்துவிடும். கிப்பனுக்கோ கிளைகள் விட்டுப்போன இடம் கடலைப் போன்றது. அக்கரையில் இருக்கும் துணையைத் தேடிச் செல்ல இளம் கிப்பனுக்கு வழியில்லை. மரங்களுக்கு இடையே பாலம் அமைத்துக் கொடுக்கும் முயற்சிகள் இதனால்தான் நடைபெறுகின்றன.

மரத்தின் உச்சியில் அரசனாக்கிய அதே தோள், மரம் அறுந்த இடத்தில் கிப்பனைக் கைதியாக்கிவிடுகிறது. அதே தோள்தான் உங்களுக்கும் இருக்கிறது. அடுத்த முறை ஊஞ்சலாடும்போது, அந்தத் தூரத்து உறவினரை நினைத்துக்கொள்வீர்களா?