பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம்: வட்டிக்கடன் வாங்காமல் அங்கே படிக்க முடியுமா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். எந்தக் கல்லூரி, எவ்வளவு பணம், யாரைப் பிடித்தால் இடம் கிடைக்கும்? அந்த நேரத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளை ஒன்று "அமெரிக்காவில் படிக்கலாமா?" என்று கேட்டால், "அதுக்கு பேங்க்ல லோன் போடணும், வட்டி கட்டணும், நமக்கு வேணாம்மா" என்று வாப்பா பேச்சை முடித்துவிடுவார். வட்டியை அஞ்சி ஒதுங்கும் அந்த மனது பாராட்டப்பட வேண்டியது. ஆனால் வட்டிக்கடன் இல்லாத வழி எங்குமே இல்லை என்று நாமாக முடிவு கட்டிக்கொள்வது சரியல்ல. அப்படி ஒரு வழி உள்ள பல்கலைக்கழகத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். 1746ல் 'நியூஜெர்சி கல்லூரி' என்ற பெயரில், பிரஸ்பிட்டீரியன் கிறிஸ்தவப் பிரிவினரால் தொடங்கப்பட்டது. 1756ல் பிரின்ஸ்டன் ஊருக்கு இடம் மாறியது. அன்று கட்டிய நாஸ்ஸா ஹால் என்ற கட்டடம் இன்றும் வளாகத்தின் நடுவே நிற்கிறது. 1783ல் சில மாதங்கள் அமெரிக்க நாட்டின் காங்கிரஸ் சபையே அந்தக் கட்டடத்தில்தான் கூடியது. 1896ல் இப்போதைய பெயர் வந்தது.

பழம்பெருமை பேசும்போது மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கல்லூரியின் முதல் ஒன்பது தலைவர்களும் அடிமைகளை வைத்திருந்தவர்கள். பல்கலைக்கழகமே ஆய்வு செய்து இதை வெளியிட்டிருக்கிறது. இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969ல்தான். "முஸ்லிம்கள் பெண்களைப் படிக்க விடுவதில்லை" என்று நமக்குப் பாடம் எடுப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தவறான செய்தியையும் இங்கேயே திருத்திவிடுவோம். ஐன்ஸ்டைன் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் என்று பலரும் எழுதுகிறார்கள். அவர் பணியாற்றியது அதே ஊரில் உள்ள உயர் ஆய்வு நிறுவனத்தில். அது தனி அமைப்பு. அந்த நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாத ஆரம்ப வருடங்களில் பல்கலைக்கழகக் கட்டடத்தில் அவருக்கு அறை தந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

இளநிலை மாணவர்கள் ஆறாயிரத்துக்குள்தான் இருப்பார்கள். நம்மூர்ப் பெரிய கல்லூரி ஒன்றின் அளவுகூட இல்லை. மருத்துவக் கல்லூரி கிடையாது, சட்டக் கல்லூரி கிடையாது, எம்.பி.ஏ.வும் கிடையாது. ஆகவே "பிள்ளை டாக்டராக வேண்டும்" என்று மட்டும் நினைக்கும் பெற்றோர் இதை ஒரு தடவை யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் முதலில் நான்கு வருட இளநிலைப் பட்டம், அதன் பிறகுதான் மருத்துவம். கணிதம், இயற்பியல், பொறியியல், பொருளாதாரம், வரலாறு, அரசியல் ஆகியவற்றில்தான் பிரின்ஸ்டனின் பெயர் பெரியது. இங்கே பெரும்பாலான மாணவர்கள் கடைசி ஆண்டில் ஒரு நீண்ட ஆய்வேட்டைச் சொந்தமாக எழுதியாக வேண்டும். நோட்ஸ் மனப்பாடம் செய்து பழகிய நம் பிள்ளைகளைத் திணற வைக்கும் இடம் அதுதான் என்பது நம் கருத்து.

இப்போது பணத்துக்கு வருவோம். கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்குச் சுமார் 90 ஆயிரம் டாலர் ஆகும். நம் பணத்தில் 75 லட்சத்துக்கு மேல். இதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஓடிவிடுகிறார்கள். ஆனால் அது கேட்கும் விலை, எல்லோரும் கொடுக்கும் விலை அல்ல.

2001ஆம் ஆண்டு பிரின்ஸ்டன் ஒரு முடிவு எடுத்தது. மாணவர்களுக்குத் தரும் நிதியுதவியில் கடன் என்ற பகுதியையே நீக்கிவிட்டு, முழுவதையும் திருப்பித் தர வேண்டாத மானியமாக மாற்றியது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் இதே ஏற்பாடுதான். குடும்பத்தால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று கணக்கிடுகிறார்கள். அந்தத் தொகை போக மீதி முழுவதும் மானியமாகக் கிடைக்கிறது. 2025-26 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் 1,50,000 டாலர் வரை உள்ள, வழக்கமான அளவு சொத்து உள்ள பெரும்பாலான குடும்பங்கள் எதுவுமே கட்ட வேண்டியதில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேருக்கு அதைவிட அதிக வருமானம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! யாராவது விரும்பி வெளியே கடன் வாங்கினால் அதைத் தடுப்பதில்லை. ஆனால் கடன் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்டால் அதுவே அவர் நிராகரிக்கப்படக் காரணமாகலாம். பிரின்ஸ்டன், ஹார்வர்டு, யேல், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில இடங்களில் மட்டுமே, உதவி கேட்கிறாரா என்று பார்க்காமல் சேர்க்கை முடிவு எடுக்கிறார்கள். "ஸ்காலர்ஷிப் கேட்டால் சீட் போய்விடும்" என்று ஏஜென்ட் யாராவது பயமுறுத்தினால், இந்தப் பட்டியலில் உள்ள இடங்களுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் சிக்கல் எங்கே? இடம் கிடைப்பதில்தான். சமீப வருடங்களில் நூறு பேர் விண்ணப்பித்தால் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. ஆயிரத்துக்கு ஆயிரம் எடுத்தவர்களும் நிராகரிக்கப்படுகிறார்கள். நன்கொடைக்கு சீட், மேனேஜ்மென்ட் கோட்டா என்ற பேச்சோடு யாராவது அணுகினால் கதவைச் சாத்திவிடுங்கள். அவர்கள் பார்ப்பது மதிப்பெண்ணை மட்டும் அல்ல. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிள்ளை என்ன படித்தது, ஆசிரியர்கள் அதைப் பற்றி என்ன எழுதுகிறார்கள், பாடத்துக்கு வெளியே எதில் ஈடுபட்டது, தன் வாழ்க்கையைப் பற்றிச் சொந்தமாக என்ன எழுதுகிறது என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பள்ளியில் திருத்தி மதிப்பெண் போட்ட கட்டுரை ஒன்றையும் அனுப்பச் சொல்கிறார்கள். மாலையில் வாப்பாவின் கடையில் கணக்குப் பார்ப்பதும், வீட்டில் தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொள்வதும்கூட எழுதத் தக்கவைதான். அவற்றை வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். கட்டுரையை மட்டும் காசு கொடுத்து யாரிடமும் எழுதி வாங்காதீர்கள். அது பொய் சாட்சி.

நிதியுதவிக்குத் தனி விண்ணப்பம் உண்டு. நம் குடும்பங்கள் சறுக்கும் இடம் இது. வாப்பா சவூதியிலோ துபாயிலோ இருப்பார், அங்கே வருமான வரி இல்லை, காட்ட வரிக்கணக்கும் இல்லை. அல்லது சிறு வியாபாரம், வரவு செலவு எல்லாம் தலைக்குள்தான். வரிக்கணக்கு இல்லாதவர்கள் முதலாளியிடமிருந்து சம்பளக் கடிதம், வங்கிக் கணக்கு விவரம் போன்றவற்றைத் தரலாம். வீடு, நிலம், சேமிப்பு பற்றியும் கேட்பார்கள். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே இவற்றைச் சேர்க்கத் தொடங்குங்கள். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணம் சுமையாக இருந்தால் அதைத் தள்ளுபடி செய்யவும் கேட்கலாம்.

"அங்கே போனால் பிள்ளையின் தீன் என்னாகும்?" என்று உம்மாமார்கள் கேட்பது நியாயமான கேள்வி. 2008ல் பிரின்ஸ்டன் தன் முதல் முழுநேர முஸ்லிம் வழிகாட்டியாக இமாம் சுஹைப் சுல்தானை நியமித்தது. 2021 ஏப்ரலில் புற்றுநோயால் வஃபாத் ஆகும் வரை மாணவர்களுக்கு அவர் ஒரு மூத்த சகோதரராக இருந்தார். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்வானாக. வளாகத்தில் ஜும்ஆ நடக்கிறது, ஹலால் உணவும் கிடைக்கிறது. அதே வளாகத்தை ஒட்டிய ஒரு தெருவில் 'ஈட்டிங் கிளப்' எனப்படும் சாப்பாட்டு மன்றங்கள் இருக்கின்றன. மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்கள் பலர் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். இரவில் மதுவும் கேளிக்கையும் உண்டு. சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேராமல் விடுதி உணவகத்திலேயே சாப்பிடுபவர்களும், தாங்களே சமைப்பவர்களும் உண்டு. போகும் முன்பே பிள்ளையிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

நம்மவர்கள் அதிகம் அறியாத ஒரு பொக்கிஷமும் இங்கே இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் அரபி, பாரசீகம், உதுமானியத் துருக்கி மொழிகளில் சுமார் 10,000 கையெழுத்துப் பிரதிகள் உள்ளன. வட அமெரிக்காவிலேயே இதுதான் மிகப் பெரிய தொகுப்பு. லெபனானில் பிறந்த வரலாற்றாசிரியர் பிலிப் ஹிட்டி 1920களில் இங்கு வந்து அரபுக் கல்வியை வளர்த்தெடுத்தார். மதரஸாவில் அரபி படித்து, ஆங்கிலமும் நன்றாகத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு துறை இருப்பது தெரிய வேண்டும்.

இளநிலை விண்ணப்பத்துக்கான வழக்கமான கடைசி நாள் ஜனவரி 1. முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கு நவம்பர் 1. எஸ்.ஏ.டி. தேர்வு விதிகள் கொரோனாவுக்குப் பிறகு மாறி மாறி வருவதால், அந்தந்த வருடத்து விதியைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தாலும் விசா தனி. அதைப் பல்கலைக்கழகம் வாங்கித் தராது.

ஏற்கெனவே இங்கே பி.இ., எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல் உண்டு. பி.எச்.டி.க்குத் தேர்வானால் கல்விக் கட்டணம் முழுவதையும் பல்கலைக்கழகமே ஏற்று, மாதாமாதம் செலவுக்குப் பணமும் தருகிறது. போட்டி அங்கேயும் கடுமைதான். விண்ணப்பங்களைத் துறை வாரியாக நவம்பர், டிசம்பர் மாதங்களில் வாங்குவார்கள். அதற்கு முந்தைய கோடையிலேயே மூன்று பேராசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு வைத்துவிட வேண்டும்.